ஸ்ரீ சுரேந்திரநாத் பானர்ஜி

இவர் 1848-ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். சீமை சென்று 1869-இல் சிவில் சர்வீஸ் பரீக்ஷையில் தேறினார். ஆயின், வயது மிகுந்தவரென்று அவர் பெயரை நீக்கினர். முன்னர்ப் பிரவேசப் பரீக்ஷையில், நடப்பாண்டையுஞ் சேர்த்தெண்ணும் நம் நாட்டு வழக்கப்படி வயதைப் பதினாறெனக் குறித்திருந்ததே காரணம். ஆங்கிலேயரோ நிறைந்த ஆண்டுகளையே எண்ணுவர். லண்டன் நீதிமன்றத்தில் முறையிட்டு, இழந்த இடத்தை மீட்டார்.

1871-இல் சில்ஹட்டில் உத்தியோகம் ஏற்றார். வழக்கொன்றின் பதிவிற் பிழையென்று 1874-இல் விலக்கப்பட்டார்; குற்றத்திற்கு மிஞ்சிய தண்டனையென்றே கருதுகிறோம். பின் ஆசிரியரானார், மிஷன் கலாசாலை யொன்றிலும் போதித்தார்.

அப்பரீக்ஷையின் வயதெல்லை 21-இலிருந்து 19-ஆகக் குறைக்கப்பட்டபோது, எத்தனை இந்திய இளைஞர் அவ்வயதிற் கடல்கடந்து போட்டியிட இயலும்? தமக்கு அக்கதவு அடைபட்டிருந்தும், 1877-இல் லாகூர், அலகாபாத் முதலிய நகரங்கட்குச் சென்று, பிறர் பிள்ளைகளுக்காகப் பேசினார்.