சேலை உடுத்திய பெரியநாயகி அன்னை



செஞ்சி வட்டாரத்துப் பனமலைக் குன்றின் பல்லவர் கோயிலில் 8-ஆம் நூற்றாண்டு உமையம்மை ஓவியம் ஒன்று உண்டு. முகமும் அணிகலன்களும் நம் மண்ணுக்கே உரியவை. இத்தகைய கலை மரபுள்ள நாட்டிற்கு அன்னை மரியாவையும் குழந்தை இயேசுவையும் எந்தக் கோலத்தில் அறிமுகப்படுத்துவது? இக்கேள்விக்கு விடை தந்தவர் வீரமாமுனிவர்.

இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைக் குருவாகி 1711-இல் தமிழகம் வந்தார். தாம் பார்த்து வளர்ந்த மாதா படங்களில் இருந்ததெல்லாம் ஐரோப்பிய முகமும் உடையும்தான். இங்கோ அவர் தாமே காவி உடுத்தினார்; தமிழ் கற்றார்.

விருத்தாசலம் பகுதியிலுள்ள கோணான்குப்பத்தில் ஆலயம் எழுப்பி, அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்கும் வழங்கும் பெயர் அது. தமிழ்ப் பெண்போலச் சேலை உடுத்தி, குழந்தையைக் கையில் ஏந்திய சொரூபத்தை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சூசையப்பரைப் பாடிய தேம்பாவணியின் 3,615 பாடல்களிலும் யூதேயா தமிழ் நாட்டு வளத்தோடு விளங்குகிறது. 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார்.

அன்னையின் உடை மாறியதால் நற்செய்தி மாறிவிடவில்லை. இறைமகன் மனிதரானபோது ஒரு யூதத் தாயின் மடியையும் மொழியையும் ஊரையும் ஏற்றுக்கொண்டார் அல்லவா? நம் ஆலயத்திற்குப் புதிய சொரூபம் வாங்கும்போது, வயலிலிருந்து நேராக வந்து மண்டியிடும் ஒரு தாய் அதில் தன்னைக் காண்பாரா என்று சிந்திப்போம்.