ஏடு காத்த அந்தோனிஸ்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் எம் சகோதரிகளுள் எவரேனும் தம் பூட்டியின் பெயரைத் தேடிப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுவாராயின், அவர் ரிச்சர்ட் ஜெரால்ட் அந்தோனிஸ் வெட்டிய பாதையிலேயே நடக்கின்றார்.

1852 இல் பிறந்த அந்தோனிஸ் பறங்கியர் சமூகத்தவர். 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமானபோது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நூறாண்டு கழிந்தபின் அவற்றை வாசிக்க வல்லவர் இந்நாட்டில் மிகச் சிலரே. 1902 இல் அரசின் சுவடிக் காப்பாளராக நியமனம் பெற்ற அந்தோனிஸ் அவற்றை வகைப்படுத்தி, 1907 இல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் உருவாவதில் முன்னின்றார். கோயிற் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்ட குடும்ப வம்சாவளிகள் அச்சங்கத்தின் சஞ்சிகையிலேயே தொடர்ந்து வெளிவந்தன.

இவ்வேடுகளை வாசிக்கும் வகையை இங்கு சற்றுச் சொல்லவேண்டும். ஏட்டிலுள்ள திகதி ஞானஸ்நானம் பெற்ற நாளே, பிறந்த நாளன்று. சாட்சியாக நின்ற ஞானத்தாய் தகப்பன்மார் பெரும்பாலும் உறவினராதலால், பெற்றோரின் பெயர் மயக்கம் தரும் இடத்தில் சாட்சிகளின் பெயரே துணை. ஒரே குடும்பப்பெயர் எழுதுவோரின் கைக்கேற்ப மூன்று நான்கு விதமாக மாறும். போத்துக்கேயப் பெயரைக் கண்டவுடன் போத்துக்கேய இரத்தமென எண்ணலாகாது. ஞானஸ்நானத்தின்போது பெற்ற பெயரே பல தமிழ், சிங்களக் குடும்பங்களில் நிலைத்துவிட்டது.

இன்னொன்று எம்மவர் கட்டாயம் அறியவேண்டியது. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்கும் சட்டப்படியான விவாகத்துக்கும் முதுசத்துக்கும் அவர்தம் சபைப் பதிவு வேண்டியிருந்தது. ஆகவே வீட்டில் சைவராகவும் கத்தோலிக்கராகவும் இருந்தோரும் பாடசாலைத் தோம்புகளில் அச்சபையாராகவே காணப்படுவர். ஏட்டைக் கொண்டு எவருடைய விசுவாசத்தையும் அளக்கமுடியாது.

அந்தோனிஸ் மீது எமக்கொரு குறையுண்டு. அவர் வழிநடத்திய சங்கம் தந்தைவழியை மட்டுமே வம்சமெனக் கொண்டது. அவர் காத்த ஒல்லாந்த ஏடுகளிலோ தாய் தன் பிறந்தவீட்டுப் பெயருடனேயே நிற்கின்றாள்! பின்வந்த ஆங்கிலப் பதிவுகளில் பெரும்பாலும் அவளது முதற்பெயர் மட்டுமே எஞ்சியது. இம்மலருக்காக ஆரம்பகால அங்கத்தவர் பட்டியலைத் தொகுத்தபோது, கணவர் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருந்த பலரின் சொந்தப் பெயரை அறிய நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1921 இல் ஓய்வுபெற்ற பின்னும் அவர் எழுத்தை விடவில்லை. இலங்கையில் ஒல்லாந்தர் பற்றிய அவரது நூலின் முதற்பாகம் 1929 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். கொட்டாஞ்சேனை மேட்டில் 1757 இல் கட்டிமுடிந்த வுல்வெண்டால் தேவாலயத்தில் பழைய பதிவேடுகள் இன்றும் பேணப்படுகின்றன. தேடிச் செல்லும் சகோதரிகள் பாட்டியின் பெயரோடு அவரது ஞானத்தாயின் பெயரையும் வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு செல்வது நன்று.