வண்டுகளைக் கப்பலில் வரவழைத்தவர்!

குட்டீஸ்... சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டைப் பிடித்து விளையாடி இருக்கிறீர்களா? உள்ளங்கையில் விட்டால், குடுகுடுவென்று விரல் நுனிக்கு ஏறி, அங்கிருந்து பறந்து விடும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 129 வண்டுகள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு விவசாயத்தையே காப்பாற்றின என்றால் நம்புவீர்களா?

அந்த வண்டுகளைக் கடல் கடந்து வரவழைத்தவர், சார்லஸ் வேலன்டைன் ரைலி. பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. நீங்களும் தெரிந்து கொள்ளுங்கள்.

லண்டன் நகரின் செல்சி பகுதியில், 1843ம் ஆண்டு செப்டம்பர் 18ம் தேதி பிறந்தார் ரைலி. பள்ளிப் படிப்பு, பிரான்சிலும் ஜெர்மனியிலும் நடந்தது. பையனுக்கு இரண்டே பைத்தியம். ஒன்று, படம் வரைவது. இன்னொன்று, புழு பூச்சிகளைப் பிடித்து வந்து வளர்ப்பது. பிற்காலத்தில் இந்த இரண்டுமே அவருக்குச் சோறு போட்டன.

பதினேழு வயதில் தனியாகக் கப்பல் ஏறி, அமெரிக்கா போய் விட்டார். இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வேலை. உழுவது, மாடுகளைப் பார்த்துக் கொள்வது எல்லாம் அங்கே தான் பழகினார். பாடுபட்டு வளர்த்த பயிரை, ராத்திரியோடு ராத்திரியாகப் பூச்சிகள் தின்று தீர்ப்பதையும் அங்கே தான் பார்த்தார். மற்றவர்கள் பூச்சியைத் திட்டினர். இவர் அது எங்கே முட்டையிடுகிறது என்று தேடினார்.

சில ஆண்டுகளில் சிகாகோ நகருக்குப் போய், விவசாயிகளுக்கான ஒரு பத்திரிகையில் சேர்ந்தார். பூச்சிகளைப் பற்றி எழுதுவார். படமும் அவரே வரைவார். கால் முடி, இறக்கை நரம்பு கூட விட்டுப் போகாது. விவசாயிகள் படத்தைப் பார்த்தே, நம் வயலில் இருப்பது இந்தப் பூச்சி தான் என்று கண்டுபிடித்து விடுவர்.

இதனால் பெயர் பரவி, 1868ல் மிசௌரி மாநில அரசு அவரைத் தன் முதல் பூச்சியியல் அதிகாரியாக நியமித்தது. அப்போது வயது 24 தான்! அங்கே ஆண்டுக்கு ஓர் அறிக்கை என்று ஒன்பது அறிக்கைகள் எழுதினார். அரசு அறிக்கை என்றால் கொட்டாவி வரும் என்று தானே நினைக்கிறீர்கள்? இவருடைய அறிக்கைகளை, இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினே விரும்பிப் படித்துப் பாராட்டினார்.

அந்தச் சமயத்தில், பிரான்ஸ் நாட்டில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்து கொண்டிருந்தன. செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தால், வேர் அழுகிக் கிடக்கும். பூச்சி எதுவும் இருக்காது. நோய் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

கடைசியில், 1868ல் பிளான்ஷான் என்ற அறிஞரும் அவருடன் வந்தவர்களும் ஒரு காரியம் செய்தனர். செத்த கொடிக்குப் பக்கத்தில், பச்சையாக நின்ற கொடியைத் தோண்டினர். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் நுண்ணிய பூச்சிகள், மொய்மொய் என்று அப்பியிருந்தன! கொடி செத்ததும், அவை அடுத்த கொடிக்குப் போய் விடும். திருடன் போன பிறகு வீட்டைச் சோதனை போட்டால் என்ன கிடைக்கும்? அதனால் தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பூச்சியின் பெயர் ஃபைலாக்செரா. நம் ஊர் அவரைச் செடியில் ஒட்டிக் கிடக்கிறதே அசுவினி, அதற்குத் தூரத்துச் சொந்தம்.

செய்தி ரைலிக்கு எட்டியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இலைகளில், சிறு கொப்புளம் போலக் கிளப்பி, அதற்குள் வாழும் ஒரு பூச்சியை அவர் அறிவார். அதுவும் இதுவும் ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. இலையில் வாழும் பூச்சி தான் வேரிலும் வாழ்கிறது என்பதை, வளர்த்துப் பார்த்து நிரூபித்தார். 1871ல் பிரான்சுக்கே போய், நேரில் பார்த்தும் உறுதி செய்தார். பூச்சியின் சொந்த ஊர் அமெரிக்கா. செடிகளோடு ஒட்டிக் கொண்டு ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது!

சரி, சொந்த ஊரில் இந்தப் பூச்சி இருந்தும், அமெரிக்கத் திராட்சை ஏன் சாகவில்லை? பல காலமாக அந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகிய கொடி அது. அதன் வேர் கடியைத் தாங்கிக் கொள்ளும். பிரெஞ்சுக் கொடிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்படியானால், அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டி விட்டால்? நர்சரியில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தை தான். வேர் பூச்சியைத் தாங்கும். மேலே பழைய ருசியுள்ள பழம் காய்க்கும். பிரான்சிலும் அமெரிக்காவிலும் பலர் சேர்ந்து கண்ட வழி இது. அதில் ரைலியின் பங்கு பெரிது. பிரெஞ்சு அரசு அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இன்றும் உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களில், மண்ணுக்குக் கீழே இருப்பது இப்படிப்பட்ட ஒட்டு வேர் தான்.

இதில் ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். ஃபைலாக்செராவைத் தின்னும் சிறு பேன் ஒன்றை, 1873ல் அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்கு அனுப்பினர், ரைலியும் பிளான்ஷானும். பேன் அங்கே பிழைத்துக் கொண்டது. ஆனால், திராட்சைக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. எதிரியை அனுப்பினால் மட்டும் போதாது, சரியான எதிரியாக இருக்க வேண்டும்!

அடுத்து வந்தன வெட்டுக்கிளிகள். 1874 முதல் 1877 வரை, ராக்கி மலைப் பக்கத்தில் இருந்து கிளம்பிய கூட்டம், சூரியனையே மறைத்தது. கோதுமை, சோளம் எல்லாம் காலி. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளால், ரயில் சக்கரங்கள் வழுக்கி நின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் தவித்தன.

ரைலி வயல் வயலாகச் சுற்றினார். மண்ணைத் தோண்டி முட்டைகளைப் பார்த்தார். முட்டை இருக்கும் நிலத்தை உழுது புரட்டுங்கள், இறக்கை முளைக்காத குஞ்சுகள் தாண்ட முடியாதபடி பள்ளம் வெட்டுங்கள் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1875ல் மிசௌரியில் பொரித்த குஞ்சுகள், ஜூன் மாதத்தில் கிளம்பி விடும் என்று கணித்தார், அப்படியே நடந்தது. பசியால் வாடியவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு யோசனை, வெட்டுக்கிளியைச் சாப்பிடுங்கள் என்பது! சொன்னதோடு நிற்காமல், வறுத்தும், சூப் வைத்தும் தானே சாப்பிட்டுக் காட்டினார். பெரிதாக யாரும் பின்பற்றவில்லை, பாவம்.

அந்த வகை வெட்டுக்கிளி இப்போது உலகில் இல்லை. உயிரோடு கடைசியாகக் கிடைத்தது 1902ல். மலைப் பள்ளத்தாக்குகளில் அவை முட்டையிடும் இடங்களை எல்லாம் விவசாயிகள் உழுது விட்டது தான் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

இனி, நம் 129 வண்டுகளின் கதைக்கு வருவோம்.

அப்போது ரைலி, வாஷிங்டன் நகரில் மத்திய விவசாயத் துறையின் தலைமைப் பூச்சியியல் அதிகாரி. 1878ல் சேர்ந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு விலகி, 1881ல் மறுபடியும் வந்து உட்கார்ந்தவர். கோபக்காரர்; தான் சொல்வதே சரி என்று நிற்பவர். ஆனால், அவர் மேஜைக்கு வந்த பிரச்னை, கோபத்தால் தீரக் கூடியது அல்ல.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களில் ஒரு செதில் பூச்சி பரவி இருந்தது. கிளை முழுக்கப் பஞ்சு ஒட்ட வைத்தாற்போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். அந்தப் பஞ்சு, தாய்ப்பூச்சியின் முட்டைப் பை. ஒவ்வொரு பையிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள்! சாற்றை உறிஞ்சி உறிஞ்சி மரத்தை வாட்டி விடும். அது வெளியேற்றும் இனிப்புத் திரவத்தின் மேல் கரும்பூஞ்சை படர்ந்து, இலை எல்லாம் கறுத்துப் போகும்.

மண்ணெண்ணெய்க் கரைசல் தெளித்தனர். சோப்புக் கரைசல் தெளித்தனர். மரத்துக்குக் கூடாரம் போட்டு விஷப் புகை கூடப் பிடித்துப் பார்த்தனர். செலவு தான் ஆனது. பிள்ளை போல வளர்த்த மரங்களைச் சிலர் தாங்களே வெட்டிக் கொளுத்தினர். தோட்டங்களின் விலை சரிந்தது.

ரைலி, திராட்சை விஷயத்தில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். இந்தப் பூச்சியின் சொந்த ஊர் எது? நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளின் அறிஞர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தியதில், அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அங்கே அது பெரிய தொல்லையே இல்லையாம்! அப்படியானால், அங்கே அதைத் தின்று அடக்கி வைக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். யாராவது போய்த் தேட வேண்டும்.

அங்கே தான் சிக்கல். பூச்சியியல் துறை ஊழியர்கள், அரசு செலவில் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. நல்லவேளையாக, 1888ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு ஒதுக்கிய பணத்தில், கண்காட்சிக்குப் போகும் குழுவில் ஒருவராக, ரைலியின் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலி சேர்க்கப்பட்டார். பூச்சி பிடிக்கப் போனவர், பேப்பரில் கண்காட்சிக்குப் போனவர்!

ஆகஸ்ட் 25ம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார் கோபெலி. முதலில் தேடியது, அந்தச் செதில் பூச்சிக்குள் வளரும் ஒரு சிறு ஈயை. அதில் ஆயிரக்கணக்கில் அனுப்பியும் வைத்தார். ஆனால், அக்டோபர் 15ம் தேதி, அடிலெய்டு நகரின் ஒரு தோட்டத்தில், செதில் பூச்சியைத் தின்று கொண்டிருந்த ஒரு பொறிவண்டைப் பார்த்தார். சிவப்பும் கறுப்புமாக, மிளகை விடச் சிறியது. வெடாலியா என்று அதை அழைத்தனர்.

வண்டுகளைப் பெட்டிகளில் வைத்து, வழியில் தின்பதற்குச் செதில் பூச்சிகளையும் போட்டு, கப்பலின் குளிர் அறையில் அனுப்பினார். முதல் தவணை 28, அடுத்து 44, பிறகு 57. மொத்தம் 129. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஆரஞ்சு மரத்துக்குத் துணிக்கூடாரம் போட்டு, அதற்குள் விட்டனர்.

1889 ஏப்ரலில், கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டனர். பெருகி இருந்த வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பரவின. செய்தி கேட்டு, விவசாயிகள் டப்பாவோடு வந்து நின்றனர். ஜூன் மாதத்துக்குள் 208 பேருக்கு, 10,555 வண்டுகளைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. சில மாதங்களில் மரங்கள் துளிர்த்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இருந்து வெளியூர் போன ஆரஞ்சு, ஒரே ஆண்டில் 700 ரயில் பெட்டிகளில் இருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது.

விவசாயிகள் மகிழ்ந்து போய், கோபெலிக்குத் தங்கக் கடிகாரமும், அவர் மனைவிக்கு வைரத்தோடும் பரிசளித்தனர். ரைலிக்கு? ஒன்றும் இல்லை. அவருக்கு அது பெரிய வருத்தம். யோசனை யாருடையது என்று, அவருக்கும் கலிபோர்னியாக்காரர்களுக்கும் பல காலம் சண்டை நடந்தது. கேள்வி கேட்டவர் ரைலி. வண்டைக் கண்டுபிடித்தவர் கோபெலி. ஆளுக்கொரு தோடாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்!

1894ல் வேலையை விட்டார் ரைலி. அடுத்த ஆண்டு, செப்டம்பர் 14ம் தேதி, வாஷிங்டனில் ஒரு சரிவான சாலையில் சைக்கிளில் இறங்கிக் கொண்டிருந்தார். வண்டியில் இருந்து விழுந்து கிடந்த கல்லில் சக்கரம் மோத, தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு அன்றே இறந்தார். ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. அவர் சேர்த்து வைத்த லட்சத்துக்கும் அதிகமான பூச்சிகளை, ஏற்கனவே அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து விட்டிருந்தார்.

வெடாலியா நம் ஊருக்கும் வந்தது, தெரியுமா? நீலகிரியில், தோல் பதனிட உதவும் சீகை மரங்களில் அதே பஞ்சுப் பூச்சி பரவிய போது, 1929 - 30ல் இந்த வண்டை வரவழைத்து விட்டனர். இங்கும் வேலை செய்தது.

ஆனால், கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1940களின் பிற்பகுதியில், டி.டி.டி., என்ற புதிய பூச்சிமருந்தைத் தோட்டங்களில் தெளித்தனர். வண்டுகள் செத்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்த பஞ்சுப் பூச்சி, மறுபடி தலை தூக்கியது! மருந்தை நிறுத்தி, வண்டுகளைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பக் கொண்டு வர வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2008ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தோன்றி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. மருந்துக்கு அடங்கவில்லை. அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். அதைக் கொல்லும், கண்ணுக்குச் சரியாகக் கூடத் தெரியாத குளவிகள், போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து 2010ல் நம் நாட்டுக்கு வந்தன. பெருக்கி, தமிழகத் தோட்டங்களில் விட்ட சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. குளவிகளை அனுப்பி உதவியது யார் தெரியுமா? ரைலி வேலை பார்த்த அதே அமெரிக்க விவசாயத் துறை தான்!