உப்புப் பயணம் புறப்பட்ட இல்லத்தார்

1880-இல் திருவரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன், பர்மாவில் மருத்துவப் பணியாற்றி, 1907-இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடும் நம் வரகனேரி வ. வே. சு. ஐயரோடும் நெருங்கிப் பழகினார். ஆயுதப் புரட்சியே வழியென்று நம்பியோரின் அவை அது. அவ்வவையில் அமர்ந்தவர், தாயகம் திரும்பியபின் காந்தியடிகளின் அறவழியைத் தேர்ந்தார். அதன்பொருட்டுச் சிறையும் புகுந்தார்.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரணியம் நோக்கி நடந்தது, திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மெண்டில் இருந்த இவரது இல்லத்திலிருந்துதான். தலைவரைப் போற்றும் நாம், வாயிலைத் திறந்துவைத்தவரை ஏனோ மறந்துவிடுகிறோம்!

1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துறை மருத்துவரான இவரிடமே வந்தது, பொருத்தமே. விடுதலை பெற்ற 1947-இல் ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாற்றைத் தமிழுக்கு அளித்தார். 1953-இல் மறைந்தார்.