கலைக்களஞ்சியம் கண்ட கவிஞர்

கவிஞர் ஒருவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைப் பிறர் எழுதிய கட்டுரைகளைச் செப்பனிடுவதிலேயே செலவிட்டாரெனின், அது கவிதைக்கு இழப்பா, தமிழுக்கு ஆக்கமா? பெரியசாமித் தூரன் அவர்களின் வாழ்வை எண்ணுந்தோறும் என் உள்ளத்தில் எழும் வினா இது. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இதனை எழுப்புதல் பொருத்தமே.

ஈரோட்டுக்கு அருகே மொடக்குறிச்சிப் பகுதியில், மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரில் 1908 செப்டம்பர் 26-ஆம் நாள் உழவர் குடியில் தோன்றியவர் தூரன். சென்னையில் கணிதம் பயின்றார். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது மனம் கொதித்து, பட்டத் தேர்வு எழுதாது துறந்தார். அன்று பட்டத்தை வேண்டாமென விடுத்தவரே, பின்னாளில் பல்கலைக்கழகப் பேரறிஞர்களின் எழுத்தைச் சீர்செய்யும் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். இடையில் கோபிசெட்டிபாளையத்திலும் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் அவர் ஆற்றிய ஆசிரியப் பணியே குழந்தை மனத்தை அறியும் வாயிலாயிற்று. உளவியலையும் மரபியலையும் எளிய தமிழில் நூல்களாக்கினார்.

1946-இல் தி. சு. அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியப் பொறுப்பு தூரனிடம் வந்தது. முதல் தொகுதி 1954-இலும், இணைப்பான பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இந்திய மொழி எதிலும் எளிதில் நிகழாத பெரும்பணி அது.

அத்துடன் அவர் ஓய்ந்திருக்கலாம். அறுபது அகவை ஆகியிருந்தது. ஆனால் அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக 1976-இல் நிறைவு செய்தார். நாடுகளின் வரலாறு, விலங்குகளின் வாழ்வு, பொறிகளின் இயக்கம் யாவும் அகர வரிசையில், படங்களுடன் சிறுவரை அடைந்தன. நம் காஞ்சித் தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்கள் நெய்ய, கோர்வை அவற்றைப் பிரிக்கவொண்ணாது பிணைக்கும். பலர் எழுத்தை ஒரே தமிழாக்கிய பதிப்பாசிரியர் செய்ததும் அத்தகைய கோர்வையே.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1903-இல் வெளியிட்ட நாய்க்கதையைக் ‘கானகத்தின் குரல்’ எனத் தமிழாக்கியவரும் இவரே. கலிபோர்னியாவின் வெயிலிலிருந்து களவாடப்பட்டு, பொன்வேட்டை நடந்த வடபனி நிலத்தில் சறுக்குவண்டி இழுக்கும் ஒரு நாயின் வழியே அந்நாட்டு வரலாற்றின் ஓர் ஏட்டையும் தமிழ்ச் சிறுவர் கண்டனர். ‘பறவைகளைப் பார்’ என்னும் நூலையும் சிறுவர்க்காகத் தமிழில் தந்தார்.

இத்தனைக்கும் இடையே இசைப்பாடல்கள் இயற்றினார். பாரதியாரின் நூலுருப் பெறாத எழுத்துகளைத் தேடித் தொகுத்தார். 1968-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1987 சனவரி 20-இல் மறைந்தார்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். முனைவர் பட்டம் பெற்ற என் போன்றோர் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவோர் சிலரே. ஓர் அரிய விலங்கைப் பிழையின்றி, அந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி பத்து வரியில் சொல்லிப் பார்த்தவர்க்கே தெரியும், அதற்கும் கவிஞரின் சொல்லளவும் செவியும் வேண்டுமென்பது. தூரன் கவிதையைக் கைவிடவில்லை. அதன் திறத்தையே குழந்தைகளுக்கு வழங்கினார். நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில், நெசவாளர் தெருப் பிள்ளைகளுக்காக நாம் ஒவ்வொருவரும் ஓர் அறிவு நூல் எழுதுவோமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.