ஹெர்மன் ஹொலரித்

ஹெர்மன் ஹொலரித் (பெப்ரவரி 29, 1860 – நவம்பர் 17, 1929) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பொறியியலாளரும் புள்ளியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். அட்டைகளில் துளைகளாகப் பதியப்பட்ட தரவுகளை மின்சாரத்தின் துணையுடன் எண்ணி வகைப்படுத்தும் பொறியை இவர் உருவாக்கினார். 1890 ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்பொறிகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. இவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஐபிஎம் நிறுவனத்தின் ஒரு பகுதியாக ஆனது. ஒருமுறை பதிந்த தரவை மாற்றாமல், பொறியின் கம்பி இணைப்புகளை மட்டும் மாற்றி வெவ்வேறு கேள்விகளுக்கு விடை பெறலாம் என்பது இவரது முறையின் சிறப்பாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹொலரித் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் செருமனியிலிருந்து குடியேறியவர்கள். பள்ளியில் எழுத்துக்கூட்டலில் மிகவும் இடர்ப்பட்ட இவர், பின்னர் தனி ஆசிரியர் ஒருவரிடம் பயின்றார். 1875 இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். அதன்பின் கொலம்பியா கல்லூரியின் சுரங்கவியல் பள்ளியில் பயின்று, 1879 இல் தம் 19 ஆவது வயதில் சுரங்கப் பொறியாளர் பட்டம் பெற்றார்.

இவருடைய பேராசிரியரான வில்லியம் டிரோபிரிட்ஜ் 1880 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பங்கேற்றிருந்தார். அவர் வழியாக ஹொலரித்தும் அப்பணியில் சேர்ந்து வாசிங்டன் சென்றார். இவரது வாழ்வின் போக்கை முடிவு செய்தது இப்பணியே ஆகும்.

கணக்கெடுப்புச் சிக்கல்

அமெரிக்க அரசியலமைப்பின்படி பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகையைக் கணக்கிட வேண்டும். மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் அவையில் எத்தனை இடங்கள் என்பது இக்கணக்கைப் பொறுத்தே அமைகிறது. 1880 இல் மக்கள்தொகை 5 கோடியைக் கடந்திருந்தது. எழுத்தர்கள் விவரத் தாள்களைப் பார்த்துப் பட்டியல்களில் கோடுகள் இட்டு, அவற்றைக் கையால் எண்ணிக் கூட்டினர். இவ்வாறு முடிவுகளைத் தொகுத்து வெளியிட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. மக்கள்தொகை மேலும் பெருகினால், ஒரு கணக்கெடுப்பின் முடிவு வெளிவருமுன் அடுத்த கணக்கெடுப்பு தொடங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது.

சிக்கல் எண்ணிக்கையில் மட்டும் இருக்கவில்லை. வயது, பால், பிறந்த நாடு, தொழில் என ஒவ்வொருவரைப் பற்றியும் பல விவரங்கள் திரட்டப்பட்டன. குறிப்பிட்ட வயதினருள் வெளிநாட்டில் பிறந்து குறிப்பிட்ட தொழிலைச் செய்வோர் எத்தனை பேர் என்பது போன்ற கேள்வி ஒவ்வொன்றுக்கும் எல்லாத் தாள்களையும் மீண்டும் முதலிலிருந்து புரட்ட வேண்டியிருந்தது.

கணக்கெடுப்பின் உயிர்நிலைப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், இவ்வேலையை ஒரு பொறியால் செய்ய இயலும் என்ற கருத்தை ஹொலரித்திடம் தெரிவித்தார். பின்னர் ஹொலரித் அவரைத் தம்முடன் கூட்டாளியாகச் சேருமாறு அழைத்தார். சிக்கலுக்குத் தீர்வு கிடைத்தால் போதும் என்று கருதிய பில்லிங்ஸ் அதனை ஏற்கவில்லை. மூலக் கருத்து பில்லிங்சிடமிருந்து வந்தது என்பதைப் பிற்காலத்தில் ஹொலரித் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

நாடாவிலிருந்து அட்டைக்கு

1882 இல் ஹொலரித் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்தார். ஆசிரியப் பணி இவருக்கு உகந்ததாக அமையவில்லை. அடுத்த ஆண்டு வாசிங்டனில் உள்ள காப்புரிம அலுவலகத்தில் சேர்ந்து, 1884 வரை பணியாற்றினார். அங்குப் பெற்ற அறிவு, தம் கண்டுபிடிப்புகளுக்குப் பாதுகாப்புத் தேடுவதில் இவருக்குப் பெரிதும் உதவியது.

1884 செப்டம்பரில் தம் முதல் காப்புரிம விண்ணப்பத்தை இவர் அளித்தார். அதில் தரவுகள் நீண்ட காகித நாடாவில் துளைகளாகப் பதியப்பட்டன. ஆனால் நாடாவில் ஒருவரது விவரத்தைத் தேட வேண்டுமானால் அதற்கு முன்னுள்ள பகுதி முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவுகளை வேறு வரிசையில் அடுக்கவும் இயலாது. எனவே ஒருவருக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு இவர் மாறினார். தொடர்வண்டி நடத்துநர்கள் பயணியின் தலைமயிர், கண் நிறம் முதலியவற்றைப் பயணச்சீட்டில் துளையிட்டுக் குறிப்பதைக் கண்டது இதற்குத் தூண்டுதலாக அமைந்ததாக இவர் பின்னர் குறிப்பிட்டுள்ளார். தனித்தனி அட்டைகளை வேண்டியவாறு பிரிக்கலாம், சேர்க்கலாம், மீண்டும் எண்ணலாம். ஒரு பொருளைப் பற்றிய விவரங்கள் அனைத்தும் ஒரே பதிவில் அமையும் இவ்வொழுங்கு, பின்னாளைய கணினிக் கோப்புகளுக்கும் அடிப்படையாக அமைந்தது.

பால்டிமோர் நகரின் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுப்பதில் இம்முறை முதலில் சோதிக்கப்பட்டது. 1889 ஜனவரி 8 அன்று ஹொலரித்துக்கு மூன்று காப்புரிமங்கள் வழங்கப்பட்டன. இம்முறையைப் பற்றிய ஆய்வுக்காக 1890 இல் கொலம்பியாவில் முனைவர் பட்டமும் பெற்றார்.

பொறி இயங்கும் முறை

ஹொலரித்தின் அமைப்பில் மூன்று கருவிகள் இருந்தன. அவை துளையிடும் கருவி, எண்ணும் பொறி, வகைப்படுத்தும் பெட்டி என்பன. எழுத்தர் ஒருவரது விவரங்களுக்கு ஏற்ப அட்டையில் உரிய இடங்களில் துளையிடுவார். பின்னர் அவ்வட்டை எண்ணும் பொறியின் அழுத்தியில் வைக்கப்படும். துளையிடத்தக்க ஒவ்வோர் இடத்திற்கும் மேலே சுருள்வில்லுடன் கூடிய ஓர் ஊசியும், கீழே பாதரசம் நிரப்பிய ஒரு சிறு கிண்ணமும் இருந்தன. கைப்பிடியை இறக்கும்போது, துளை உள்ள இடங்களில் மட்டும் ஊசி பாதரசத்தைத் தொட்டு மின்சுற்றை முழுமையாக்கும். உடனே மின்காந்தம் இயங்கி, உரிய எண்காட்டியின் முள்ளை ஓர் இலக்கம் முன்னே நகர்த்தும். அதே நேரத்தில் வகைப்படுத்தும் பெட்டியின் ஓர் அறை மூடி தானே திறக்கும். எழுத்தர் அட்டையை அதனுள் இடுவார்.

எந்தத் துளை எந்த எண்காட்டியை இயக்க வேண்டும் என்பதை மின்கம்பிகளே முடிவு செய்தன. ரிலேக்கள் எனப்படும் மின்காந்த ஆளிகளை இடையில் இணைத்து, இரண்டு அல்லது மூன்று துளைகள் ஒருங்கே இருந்தால் மட்டும் எண்ணுமாறும் செய்யலாம். அட்டைகள் அப்படியே இருக்க, இணைப்பு மட்டும் மாறும்போது கேள்வியும் மாறியது.

1890 கணக்கெடுப்பு

புதிய முறையைத் தேர்ந்தெடுக்க 1889 இல் ஒரு போட்டி நடத்தப்பட்டது. செயிண்ட் லூயிஸ் நகரில் முன்னரே கணக்கெடுக்கப்பட்ட 10,491 பேரின் விவரங்கள் மூன்று முறைகளில் தொகுக்கப்பட்டன. மற்ற இரு போட்டியாளர்களும் வண்ணச் சீட்டுகளையும் வண்ண அட்டைகளையும் கையால் பிரித்து எண்ணினர். விவரங்களைப் படியெடுக்க ஹொலரித்தின் முறைக்கு 72 மணி 27 நிமிடங்கள் ஆயின. மற்ற இரண்டிற்கும் முறையே 110 மணி 56 நிமிடங்களும் 144 மணி 25 நிமிடங்களும் ஆயின. எண்ணித் தொகுப்பதில் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. மற்ற முறைகளுக்கு 44 மணி நேரத்திற்கும் 55 மணி நேரத்திற்கும் மேல் ஆக, ஹொலரித்தின் பொறி 5 மணி 28 நிமிடங்களில் வேலையை முடித்தது.

கணக்கெடுப்புத் தலைவர் ராபர்ட் போர்ட்டர் இப்பொறிகளை வாடகைக்கு அமர்த்தினார். கணக்கெடுப்புத் தொடங்கிய சில மாதங்களிலேயே மொத்த மக்கள்தொகை சுமார் 6 கோடியே 26 லட்சம் என அறிவிக்கப்பட்டது. இதனினும் அதிகத் தொகையை எதிர்பார்த்த பலர் ஏமாற்றமடைந்து, பொறியின் மீதே ஐயம் கொண்டனர். முழு அறிக்கைகளும் வெளிவர மேலும் பல ஆண்டுகள் ஆயின. எனினும் முன்னர் கையால் செய்யவே இயலாதிருந்த அளவுக்கு விரிவான பட்டியல்கள் இம்முறை கிடைத்தன.

அதே ஆண்டு பிராங்ளின் கழகம் இவருக்கு எலியட் கிரெசன் பதக்கத்தை வழங்கியது. லூசியா டால்காட் என்பவரை ஹொலரித் மணந்ததும் 1890 இல் ஆகும். இவர்களுக்கு மூன்று ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் பிறந்தனர். ஆஸ்திரியா, கனடா, நார்வே ஆகிய நாடுகளும், 1897 இல் ரஷ்யாவும் தம் கணக்கெடுப்புகளில் இம்முறையைப் பயன்படுத்தின.

நிறுவனமும் இணைப்புப் பலகையும்

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலையை நம்பித் தொழில் நடத்த இயலாது என்பதை ஹொலரித் உணர்ந்தார். எனவே தொடர்வண்டி நிறுவனங்களின் சரக்குக் கணக்குகளுக்கு ஏற்றவாறு, எண்ணுவது மட்டுமின்றி எண்களைக் கூட்டவும் வல்ல பொறிகளை வடிவமைத்தார். நியூயார்க் சென்ட்ரல் தொடர்வண்டி நிறுவனம் இவற்றைப் பயன்படுத்தியது. 1896 டிசம்பரில் டாபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தை இவர் தொடங்கினார். இதன் பட்டறை வாசிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்தது.

வணிக நிறுவனங்களுக்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தைவிட அடிக்கடி கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் சரக்குக் கட்டணமும் மறுநாள் ஊதியமும் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பொறியின் உள்ளே உள்ள கம்பிகளை மாற்றுவது தொல்லையாக இருந்தது. ஆஸ்திரியாவில் இப்பொறிகளைத் தயாரித்த ஓட்டோ ஷாஃப்லர், தொலைபேசி நிலையங்களில் உள்ளது போன்ற செருகு இணைப்புகளை 1890களிலேயே தம் பொறிகளில் அமைத்திருந்தார். ஹொலரித்தின் 1906 ஆம் ஆண்டுப் பொறியிலும் இணைப்புப் பலகை இடம்பெற்றது. அட்டையின் நெடுவரிசைகளுக்கு உரிய துளைகளிலிருந்து கூட்டிகளுக்கு உரிய துளைகளுக்குக் கம்பிகளைச் செருகினால், தரவு செல்லும் வழி கண்முன்னே அமைந்துவிடும். பொறியைப் பிரிக்காமலேயே வேலையை மாற்ற இது வழி செய்தது.

கணக்கெடுப்புப் பணியகத்துடன் பிணக்கு

1900 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் ஹொலரித்தின் பொறிகளே பயன்பட்டன. 1902 இல் கணக்கெடுப்புப் பணியகம் நிலையான அலுவலகமாக்கப்பட்டது. 1903 இல் அதன் தலைவரான சைமன் நார்த், வாடகை மிக அதிகம் எனக் கருதினார். உடன்பாடு ஏற்படாததால் 1905 இல் ஹொலரித் தம் பொறிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணியகம் ஜேம்ஸ் பவர்ஸ் முதலிய பொறியாளர்களைக் கொண்டு சொந்தமாகப் பொறிகளை உருவாக்கி, 1910 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பயன்படுத்தியது. காப்புரிமம் மீறப்பட்டதாக ஹொலரித் தொடுத்த வழக்கு வெற்றி பெறவில்லை. பவர்ஸ் பின்னர் தனி நிறுவனம் தொடங்கி, முடிவுகளை அச்சிடும் பொறிகளுடன் இவருக்குப் போட்டியாளரானார்.

இறுதிக் காலம்

1911 இல் சார்லஸ் பிளின்ட் என்ற நிதியாளர் ஹொலரித்தின் நிறுவனத்தை வேறு சில நிறுவனங்களுடன் இணைத்தார். இவ்விற்பனையில் ஹொலரித்துக்குச் சுமார் 12 லட்சம் டாலர்கள் கிடைத்தன. 1921 வரை இவர் ஆலோசகராகத் தொடர்ந்தார். எனினும் பிறரது கட்டளைக்கு உட்பட்டு வேலை செய்ய விரும்பவில்லை. பிற்காலத்தில் பண்ணை வைத்துக் கால்நடை வளர்ப்பில் ஈடுபட்டார். இணைந்த நிறுவனம் 1924 இல் ஐபிஎம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1929 நவம்பர் 17 அன்று மாரடைப்பால் வாசிங்டனில் ஹொலரித் காலமானார். ஜார்ஜ்டவுனில் உள்ள ஓக் ஹில் இடுகாட்டில் இவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

1928 இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 80 நெடுவரிசை அட்டை பல பத்தாண்டுகள் கணினிகளின் முதன்மையான உள்ளீட்டு ஊடகமாக விளங்கியது. போர்ட்ரான் மொழியின் ஒருவகை எழுத்து மாறிலி இவரது பெயராலேயே அழைக்கப்பட்டது.

இம்முறையின் ஆற்றல் எல்லா நோக்கங்களுக்கும் பயன்படக்கூடியதாக இருந்தது. இவரது உரிமத்தின் கீழ் 1910 இல் செருமனியில் தொடங்கப்பட்ட டெகோமாக் நிறுவனத்தின் பொறிகள், நாட்சி ஆட்சியில் 1933 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்களின் சமயம் உள்ளிட்ட விவரங்களைத் தொகுக்கப் பயன்பட்டன. ஹொலரித் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒருவரைப் பற்றிய விவரங்கள் ஒருமுறை அட்டையில் ஏறிவிட்டால், எந்தக் கேள்வியையும் யாரும் கேட்கலாம் என்ற நிலை இதனால் வெளிப்பட்டது.

தரவுத்தளத்திலிருந்து வேண்டிய விவரத்தைப் பெற, திரையில் கட்டங்களை வரைந்து கோடுகளால் இணைக்கும் மென்பொருட்கள் இக்காலத்தில் பல உள்ளன. தரவு ஓரிடத்திலும் அது செல்லும் வழி கண்ணுக்குத் தெரியும் இணைப்புகளிலும் இருக்கும் அமைப்பில், அவை ஹொலரித்தின் அட்டைக் கட்டையும் இணைப்புப் பலகையையும் ஒத்துள்ளன.