பத்மா என்னும் படகு

மாதாப்பூரில் துர்க்கம் செருவின் கரையில் ஒரு மாலை நானும் என் அறைத் தோழனும் அமர்ந்திருந்தோம். முற்காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் உதவிய ஏரி அது. இன்று அதன் மேலே, 2020-இல் திறக்கப்பட்ட கேபிள் பாலம். கீழே உல்லாசப் படகுகள். தோழனின் முகம் வாடியிருந்தது. படிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்து நிலத்தைக் கவனிக்க வேண்டும், தம்பி தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவன் தந்தை அன்று காலை தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஊரும் வேண்டாம், வீடும் வேண்டாம். ஒரு படகை வாங்கி வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருந்துவிடலாமா என்று என்னைக் கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆகவே படகில் வாழ்ந்து பார்த்த ஒருவரின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அவர் வேறு யாருமல்லர். கவியரசர் இரவீந்திரநாத தாகூர்.

1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கல்கத்தாவில் ஜொராசாங்கோ மாளிகையில் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. 1878-இல் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர் பட்டம் பெறாமலே 1880-இல் திரும்பினார். 1883-இல் மிருணாளினி தேவியை மணந்தார். கவிதை எழுதிக்கொண்டு கல்கத்தாவிலேயே காலம் கழித்திருக்கக்கூடும். ஆனால் தந்தை தேவேந்திரநாதர், கிழக்கு வங்காளத்தில் இருந்த குடும்ப ஜமீன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். சிலைதா, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய அந்த இடங்கள் இன்று வங்காள தேசத்தில் உள்ளன. அந்நாளில் அங்கே ஆறுகளே பாதைகள். எனவே குடும்பத்துக்குச் சொந்தமான படகு ஒன்று அவருக்கு வீடாயிற்று. அதன் பெயர், அந்தப் பேராற்றின் பெயரே: பத்மா.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடமையிலிருந்து தப்புவதற்காக அவர் படகேறவில்லை. கடமையைச் செய்வதற்காகவே ஏறினார். ஆயினும் அந்தப் படகு அவருக்குக் கொடுத்த செல்வம் கொஞ்சமா? மாளிகையில் வளர்ந்தவர், படகின் சாளரம் வழியே உழவரையும் மீனவரையும் குளிக்க வரும் பெண்களையும் கண்டார். அண்ணன் மகள் இந்திராவுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1912-இல் நூலாயின. 1891 முதல் 1895 வரை மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகளை எழுதினார்.

அவற்றுள் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். சிற்றூரில் வேலை பார்த்த ஒருவர், தமக்குப் பணிவிடை செய்த அநாதைச் சிறுமியைக் கைவிட்டுப் படகேறிப் போகிறார். திரும்பிவிடலாமா என்று மனம் தவிக்கிறது. படகோ நகர்ந்துவிட்டது. படகில் இருப்பவனுக்கு எல்லாக் கரையும் தெரியும். எந்தக் கரையும் அவனுடையதன்று. அந்தத் துயரத்தைத் தாகூர் உணர்ந்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

அவருக்குக் குழந்தைகள் ஐவர். தாம் வெறுத்த பள்ளிக்கு அவர்களை அனுப்ப மனம் ஒப்பவில்லை. படகிலேயே வைத்து வளர்க்கவும் இயலாது. 1898-இல் குடும்பத்தைச் சிலைதாவில் இருந்த வீட்டுக்கு அழைத்துவந்து அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு 1901-இல், அந்தப் பேராற்றையே விட்டு, வறண்ட செம்மண் பூமியான சாந்திநிகேதனத்துக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பர் 22-இல் ஐந்தே மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. அவர்களுள் ஒருவர் அவர் மகன் இரதீந்திரநாதர்.

கரை அவருக்கு இன்பத்தை மட்டும் கொடுக்கவில்லை. பள்ளிக்காகப் பூரியில் இருந்த வீட்டை விற்றார். மனைவியின் நகைகளும் போயின. 1902-இல் மனைவியும், 1903-இல் மகள் ரேணுகாவும், 1907-இல் இளைய மகன் சமீந்திரனும் மறைந்தனர். ஆயினும் அவர் மீண்டும் படகுக்குள் ஒளியவில்லை. 1905-இல் பதிசரில் உழவர்களுக்கு வங்கி வைத்தார். 1906-இல் மகனை வேளாண்மை படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1913-இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அந்த வங்கியிலேயே போட்டார். படகின் சாளரத்தில் கண்ட முகங்களை அவர் மறக்கவில்லை!

1933-இல் அவர் நம் ஐதராபாத்துக்கும் வந்தார். 1935 கோடையில், எழுபத்து நான்காம் வயதில், கங்கையில் மறுபடியும் சில காலம் படகில் தங்கினார். வேலைகளைக் கரையில் ஊன்றிவிட்டு வந்தவருக்குப் படகு ஓய்விடமாக இருந்தது. 1941 ஆகஸ்டு 7-இல் தாம் பிறந்த மாளிகையிலேயே கண்மூடினார்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஏரியில் இருட்டிவிட்டது. படகுகளைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். படகு வாங்காதே என்று தோழனுக்கு நான் சொல்லவில்லை. எதற்காக ஏறுகிறாய் என்று மட்டும் கேட்டேன். அவன் விடை சொல்லவில்லை. சற்று நேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டு, தொலைபேசியை எடுத்து, தங்கை எந்த வகுப்புக்குப் போகிறாள் என்று தந்தையிடம் விசாரிக்கத் தொடங்கினான்.